மூன்று இடைவேளை

கோட்டையில் படப்பிடிப்பு முடிந்து, பங்களா வாசலில் அம்பாசடருக்குள் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. உதவிக்கு ஒரு ஆள் தேவை, கதை நன்றாக இருந்தால் பார்க்கலாம் என்று டைரக்டர் வாய் தவறிச் சொல்லியிருந்தார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஹுசைன் வந்து நின்றான். இன்று விட்டால் அவலூர்பேட்டையில் மச்சானின் உரக்கடைதான்.

செஞ்சி டூரிங் கொட்டாயில் டிக்கெட் கிழிப்பவன் அவன். திரைக்கதை படித்ததும் அங்கேதான். படம் காட்ட ஒரே மிஷின்; ரீல் மாற்றுவதற்காக மூன்று முறை விளக்கைப் போட்டுவிடுவார்கள். எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று நம்பி, அப்பாவி தன் கதையிலும் மூன்று இடைவேளை வைத்திருந்தான்.

கதையைத் தொடங்கினான். புது மருமகள் அரிசிப் பானைக்குள் கை விடுகிறாள், போலீஸ் தொப்பி ஒன்று கையோடு வருகிறது. "இடைவேளை சார்" என்றான். டைரக்டர் தலையாட்டினார். அடுத்து, அவள் கதவைத் திறக்கிறாள். தலையில் தொப்பி இல்லாத போலீஸ்காரன் ஒருவன் குடிக்கத் தண்ணீர் கேட்கிறான். "இடைவேளை."

டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். படத்துக்கு ஒரு இடைவேளைதான் என்றார். ஹுசைனுக்கு முகம் செத்துப்போயிற்று.

"ஜனம் பீடி வலிக்க வெளிய பூட்டா, திரும்பி உள்ள வரணுமே சார்."

சிரிப்பு நின்றது. டைரக்டர் அவனை இப்போதுதான் சரியாகப் பார்த்தார். டிரைவர் ஹாரன் அடித்தான்.

"சரி, மீதியைச் சீக்கிரம் சொல்லு."

மீதி சப்பை என்பது அவனுக்கே தெரியும். சொன்னால் கதையும் போச்சு, வேலையும் போச்சு. நல்லதாக இருந்தாலும் கதை காரேறிப் போகும், அவன் இங்கேயே நிற்பான். கையைக் கட்டிக்கொண்டான்.

"இடைவேளை சார். இன்னும் லைட் அணையல."

டைரக்டருக்குச் சுர்ரென்று ஏறியது. திமிரா என்று கேட்டு, கதவை அறைந்து சாத்தினார். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நகர்ந்தது. கெட்டிக்காரத்தனம் பண்ணுகிறேன் என்று கையிலிருந்ததைக் கொட்டிவிட்டோமே என்று அவனுக்கு அழுகை முட்டியது.

புளியமரத்தைத் தாண்டி கார் நின்றது. ஓடினான்.

"அந்தப் போலீஸ்காரன் எதுக்குத் தண்ணி கேட்டான்?" என்றார் டைரக்டர், முன்னால் பார்த்தபடியே. "ஏறு. திண்டிவனம் போறதுக்குள்ள சொல்லணும். சப்புன்னு இருந்தா அங்கேயே எறக்கிவிட்டுடுவேன்."

வீட்டில் சொல்லக்கூட நேரமில்லை. ஹுசைன் பெட்டிகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்தான். எதற்குத் தண்ணீர் கேட்டான் என்பது அவன் யோசித்து வைத்த மீதியில் இல்லை, அவனுக்கும் தெரியாது. கார் வேகமெடுத்தது, அவன் வாயைத் திறந்தான்.