ஆட்சேபணை இல்லாத ஆட்சேபணை மனு

வேளாண்மை அலுவலகத்து அறிவிப்புப் பலகையின் முன்னே கூட்டம் ஈயாய் மொய்த்தது. தொற்றுநோய்க் காலத்தில் நட்டமடைந்த பண்ணைகளுக்கு அரசு வழங்கவிருந்த நிவாரணத்தின் பட்டியலை அன்றுதான் ஒட்டியிருந்தார்கள்.

"எம் பங்காளிக்கு இருபது மாடாம்! எட்டிப் பாத்தா ரெண்டு கன்னுக்குட்டிதான்யா நிக்குது."

"அதுக்குத்தானே ஒட்டியிருக்கோம்? உள்ள வந்து எழுதிக் குடுய்யா," என்றார் எழுத்தர்.

கூட்டத்தில் நின்ற ஒரு தையற்காரியின் விரல் பட்டியலின் பதினேழாம் எண்ணில் நின்றது. அங்கே அவளுடைய அண்ணன் பெயர் இருந்தது. எட்டு ஆண்டுகளாக அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. அன்று, தந்தையின் வைத்தியச் செலவுக்கு உறவினர் அனைவர் முன்னிலையிலும் அவள் அவனிடம் கணக்குக் கேட்டாள். அவன் ஒரு கணக்கு நோட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான். அந்த நோட்டில் ஒரு காசும் பிசகியிருக்கவில்லை. அதைச் சொல்லத்தான் அவள் அன்றுமுதல் அவனைத் தேடிக்கொண்டிருந்தாள்.

உள்ளே சென்று எழுத்தரிடம் அண்ணனின் கோப்பைக் கேட்டாள். யாரும் பார்க்கலாம் என்பது விதி. மாடு ஒன்பது, நிலம் இரண்டு ஏக்கர் என எல்லாம் தெளிவாக இருந்தன. விலாசத்தின்மேல் மட்டும் கறுப்பு மை பூசியிருந்தது.

"போன் நம்பராவது குடுங்க சார்."

"பணம் ஊருக்குத் தெரியணும், வீடு தெரியக்கூடாதும்மா. ஆட்சேபணை குடுத்தா நகல் அவருக்குப் போகும், உங்க விலாசத்தோட. அவரும் நேர்ல வந்து பதில் சொல்லணும்."

"நேர்லயா?"

"ஆமா. அதுவரைக்கும் பணம் நிக்கும்."

அவள் படிவத்தை வாங்கி, 'மாடுகளின் எண்ணிக்கையில் ஐயம்' என்று விறுவிறுவென எழுதினாள். வந்துவிடுவான், கோபத்தோடாவது வந்துவிடுவான். கையொப்பமிடுமுன் கோப்பின் கடைசி வரி கண்ணில் பட்டது: 'கொள்முதல் நின்ற அறுபது நாளில் கொட்டப்பட்ட பால்: மூவாயிரத்து அறுநூறு லிட்டர்.'

சிறுவயதில், பால் காய்ச்சிய பாத்திரத்தை ஒரு கை நீர்விட்டு அலசிக் குடித்துவிட்டுத்தான் கழுவப் போடுவான் அவன். "பூனைக்கு மிச்சம் வைடா!" என்று அம்மா ஏசுவாள். அந்தக் கையா நாள்தோறும் குடங்குடமாய்ச் சாய்த்தது? அந்தப் பணத்தையும் தான் நிறுத்துவதா?

எழுதியதை அடித்துவிட்டு, கீழே நிதானமாக எழுதினாள்: 'ஆட்சேபணை ஏதுமில்லை. நோட்டுக் கணக்கும் சரியாகவே இருந்தது, அண்ணா.'

எழுத்தர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஆட்சேபணை இல்லைன்னு சொல்ல ஒரு ஆட்சேபணை மனுவா? முப்பது வருஷ சர்வீஸ்ல இப்பத்தாம்மா பாக்குறேன்."

"பணம் நிக்குமா சார்?"

"எதைச் சொல்லி நிறுத்துறது?"

"நகல்?"

"வந்த மனுவுக்கெல்லாம் அனுப்பணும். விதி." முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

வாசல்வரை சென்றவள் திரும்பி வந்தாள்.

"தபால் போய்ச்சேர எத்தனை நாளாகும்?"

"மூணு நாள்."

"திரும்பி வர?"

எழுத்தர் கோப்பை மெல்லக் கட்டினார். "அதுக்கு எங்கிட்ட விதி இல்லம்மா."