இலைச் சட்டை

மாலை ஐந்து மணிக்குள் ஆய்வு முடிவைப் பேராசிரியைக்கு அனுப்ப வேண்டும். அது சரியென்று நிலைத்தால் ஆராய்ச்சிக்காரிக்கு இன்னும் இரண்டு வருட வேலை. இல்லையென்றால் மாதக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கணக்கை ஒன்பதாவது முறையாகப் பார்த்தாள். மூன்று இன ஓடைப்பூச்சிகள். தனித்தனித் தொட்டியில் விட்டால் உதிர்ந்த இலையை ஏனோதானோவென்று தின்றன. ஒன்றாக விட்டால் வெளுத்து வாங்கின. இனங்கள் கூடினால் இலை சீக்கிரம் மக்கும் என்று பேராசிரியை ஏற்கெனவே ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று.

மதியச் சாப்பாட்டோடு வந்த தையல்காரக் கணவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர்.

"இது கடிச்ச இலை இல்லம்மா. வெட்டின இலை. ஓரத்தைப் பாரு, பிசிறே இல்ல. வெட்டின துண்டெல்லாம் எங்க?"

"அதுங்க வயித்துல. நீங்க தொடாதீங்க."

"இதோ, இவன் சட்டையா போட்டிருக்கானே!"

அவள் குனிந்து பார்த்தாள். மூன்றில் ஓர் இனம் இலைத் துண்டுகளை ஒட்டிக் கூடு கட்டி அதற்குள் வாழும். அது அவளுக்குத் தெரியாததா? ஆனால் பூச்சிகளைக் கூட்டோடு வழித்தெடுத்துவிட்டு, மிச்ச இலையை மட்டும் எடை போட்டிருந்தாள். குறைந்ததையெல்லாம் தின்றதாக எழுதிவிட்டாள்.

கூடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தனியாக இருந்தவை ஒற்றைக் கூட்டோடு நிம்மதியாக இருந்தன. கூட்டத்தில் இருந்தவை, மற்றவை முட்டி மோதிப் பிய்த்ததாலோ என்னவோ, ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டிருந்தன. துண்டுகளை உலர்த்தும் பெட்டியில் வைத்துவிட்டு அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள்.

"உக்காரேன், எனக்குத் தலை சுத்துது."

"உங்களை யாருங்க இங்க வரச் சொன்னது?" என்று சீறினாள். சொன்ன கையோடு வருத்தமாகவும் இருந்தது. அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார்.

நாலே முக்காலுக்கு எடை தெரிந்தது. பழைய எண்ணையே அனுப்பினால் ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. ஆசை வரத்தான் செய்தது. கைபேசி அடித்தது.

"அனுப்பிட்டியாம்மா?" பேராசிரியைதான்.

"இல்ல மேடம். காணாம போன இலையை எல்லாம் அதுங்க திங்கல. உடுத்திக்கிட்டிருக்கு. நான்தான் அதை எடை போடாம விட்டுட்டேன்."



"முடிவுல எவ்வளவு அடிபடுது?"

"நாம கண்டுபிடிச்ச வித்தியாசம் மொத்தமும், மேடம்."