ஆரஞ்சு மீனும் லைட் பாக்ஸும்

1.

இந்தக் கதை என் மனதில் தானாக உதிக்கவில்லை. "பவளப்பாறை மீனை வைத்து ஒரு கடல் கதை கொடுங்கள்" என்றார் பத்திரிகை ஆசிரியர். திருப்பூர்க்காரனிடம் கடல் கேட்கிறார்! சரி என்று ஆரம்பித்தேன்:

நீல ஆழத்தில், பவளங்களின் நடுவே, அந்தச் சின்னஞ்சிறு ஆரஞ்சு மீன் தன் முதல்

(நிறுத்திவிட்டேன். நான் பார்த்த ஆழ்கடல், பல்லடம் சாலையில் ஒரு பனியன் கம்பெனி முதலாளியின் அறையில் இருக்கிறது. கண்ணாடித் தொட்டி, உப்பு கரைத்த தண்ணீர், பிளாஸ்டிக் பவளம், மேலே நீல விளக்கு.)

2.

அதில் ஒரே ஒரு கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை. (கடலில் இந்த மீன் குடும்பத்துக்குப் பெண்தான் தலைவி. அவள் செத்தால் புருஷன் மீனே பெண்ணாக மாறிப் பொறுப்பேற்கும். நம் கம்பெனிகளில் மச்சான் வந்து உட்காருவார்.)

முதலாளி அர்த்தநாரிக்கு மீன் மேல் பாசமெல்லாம் கிடையாது. மீன் படம் போட்ட குழந்தைகள் பனியனுக்குக் கோமாளி மீன் ஆரஞ்சு வேண்டும் என்று, சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரரான பையர் எழுதியிருந்தார். மற்ற முதலாளிகள் அந்த நிறத்துக்கான கலர் நம்பரைக் கேட்பார்கள். அர்த்தநாரி மீனையே வாங்கிவிட்டார். சாயத்துணியைத் தொட்டியின் நீல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அச்சு அசல்!" என்று சாம்பிள் அனுப்பினார். பையர் அதைப் பகலில் பார்த்துவிட்டு, "இது செங்கல்" என்று திருப்பினார்.

பழி, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் சித்ரகலா மேல்.

3.

"இன்னொருக்கா ரிஜெக்ட் ஆச்சுன்னா நீ ஊட்டுக்குப் போயிரலாம் கண்ணு" என்றார் அர்த்தநாரி.

"நம்பர் கேட்டுரலாமுங்க சார்."

"கேட்டா இவனுக்கு மீனே தெரீலன்னு நெனைச்சுக்குவாங்க. லைட் பாக்ஸ்ல வெச்சுப் பாரு."

லைட் பாக்ஸ் என்பது பகல் வெளிச்சம் தரும் பெட்டி. அதில் பார்க்காமல் எந்தத் துணிக்கும் ஓகே சொல்லக்கூடாது, தொழில் தர்மம். சித்ரகலா மீனைத் தண்ணீரோடு ஒரு கண்ணாடி ஜாடியில் கொண்டுவந்து உள்ளே வைத்தாள்.

"கண்ணாடியும் தண்ணியும் ஷேடை மாத்திப்போடும். வெளிய எடுத்துத் துணி மேல வை."

"செத்துப்போயிருமுங்க சார்!"

"ஷேடு சாகாதுல்ல?"

அர்த்தநாரிக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார். சித்ரகலா ஜாடிக்குள் கையை விட்டாள். பிளாஸ்டிக் பவளத்தில் ஒளிந்தே பழகிய மீன், அவள் விரல்களுக்கு நடுவே வந்து ஒளிந்துகொண்டது.

4.

முடிவு ஒன்று: அந்த நொடியில் கரண்ட் கட்! (கம்பெனியில் ஜெனரேட்டர் உண்டு.)

முடிவு இரண்டு: வாசலில் ஒரு போலீஸ் ஜீப் வந்து (பழக்கதோஷம். அடித்துவிட்டேன்.)

நிஜத்தில் அன்று மாலையே இரண்டாவது சாம்பிள் போனது. மீன் தப்பியிருந்தால் அது குத்துமதிப்பு ஆரஞ்சு. இல்லாவிட்டால் அசல் ஆரஞ்சு. அதற்கு ஓகே வருவதற்குள் அர்த்தநாரி மொத்தச் சரக்கையும் தைத்து முடித்துவிட்டார். அவர் வேகம் அப்படி.

ஆகவே வாசகரே, நீங்களே கண்டுபிடியுங்கள். ரிஜெக்ட் ஆன சரக்கு உங்கள் ஊர் பிளாட்பாரக் கடைக்குத்தான் வரும். மீன் படம் போட்ட ஆரஞ்சுக் குழந்தை பனியன் மலிவாகத் தொங்குகிறதா பாருங்கள். தொங்கினால் மீன் உயிரோடு இருக்கிறது, சித்ரகலா வேலை தேடிக்கொண்டிருக்கிறாள்.

எங்கு தேடியும் கிடைக்கவில்லையா? அப்படியென்றால் கலர் கச்சிதமாக அமைந்துவிட்டது.