சல்லடையில் நின்றது

இரும்பு உருக்கும் ஊதுலையின் உச்சியிலிருந்து வந்த தூசியை அவள் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டாள். சாம்பல் என்றால் அடியில் படியவேண்டும். இது கன்னங்கரேலென்று மேலேயே மிதந்தது. எரியாத கரி.

நிலக்கரித் தூளோடு மரக்கரித் தூளைக் கலந்து உலைக்குள் ஊதலாம், கண் சிமிட்டுவதற்குள் எரிந்துவிடும் என்று சோதித்துச் சொன்னவள் அவள்தான். காலையிலிருந்து அந்தக் கலவைதான் உள்ளே போகிறது. எரியாத தூள் அடைத்தால் காற்று ஏறாது. மேலே கிடக்கும் தாதுப் பாரம் தொங்கி நின்று, திடீரென்று சரியும். சரிந்தால், அடியில் காற்றை உள்ளே செலுத்தும் ஊதுவாய்கள் நெருப்பைக் கக்கும். ஊதுவாய் மேடையில் நிற்பது அவள் அண்ணன்.

எங்கே பிசகியது? கண் சல்லடைமேல் போனது. சோதிக்குமுன் அரைத்துச் சலித்தால் நிலக்கரி நொறுங்கி முழுதும் இறங்கிவிடும். மிஞ்சுவது ஒரு சிட்டிகை. அதைத் தட்டிவிடுவது அந்தச் சோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் கைப்பழக்கம். மரக்கரியில் மிஞ்சியதோ ஒரு கைப்பிடி, பாதிதான் கரியான மரச் சிராய். அதையும் அதே பழக்கத்தில் குப்பையில் தட்டியிருந்தாள்.

மேடையில் போனை யாரும் எடுக்கவில்லை. அந்த இரைச்சலில் எடுக்கவும் மாட்டார்கள். ஓடினாள்.

அண்ணன் நீலக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஊதுவாய்க்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா! இங்க வா!"

"என்னடி, வீடு பத்திக்கிச்சா?" கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சிரித்தபடி வந்தான்.

அவள் பக்கத்தில் நின்ற மேஸ்திரியிடம் திரும்பினாள். "கலவைய நிறுத்துங்க சார். அது எரியல."

"எரியும்னு நீதானேம்மா சொன்ன?"

"தப்பா சொல்லிட்டேன். சிராயெல்லாம் கொட்டிட்டு மிச்சத்தத்தான் சோதிச்சிருக்கேன்."

"உன்ன இன்னும் நிரந்தரம் பண்ணல, ஞாபகம் இருக்கில்ல? இத நான் மேல சொல்லித்தான் ஆகணும்."

"சொல்லுங்க. மொதல்ல நிறுத்துங்க."

அவர் கலவை போகும் வால்வைத் திருப்பும்போதே மேடை அதிர்ந்தது. அண்ணன் குனிந்திருந்த ஊதுவாயின் பார்வைத் துளைக் கண்ணாடி தெறித்து, ஆள் நீளத்துக்கு நெருப்பு சீறியது. கீழே கிடந்த கையுறை பொசுங்கிச் சுருண்டது.

நெருப்பு அடங்கியது. அண்ணன் படியில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்தான்.

"நாளைக்கு உனக்கு வேலை இருக்குமா?"

"இருக்காது போல."

"ம்." ஒரு மடக்குக் குடித்தான். "அந்தச் சிராய் இன்னும் குப்பையிலதானே கிடக்கு? போய் எடுத்து வை. எதனால தப்பாச்சுன்னு கேட்டா காட்டணும்ல."