அந்தரத்தில் தாய்மாமன்

மம்சாபுரத்தில் யோகேஸ்வரியைப் பார்த்து, "இதப் படிச்சா என்ன வேலை கெடைக்கும்?" என்று கேட்பவர்கள் தரையிலிருந்து ஒரு முழம் உயர்ந்துவிடுவார்கள். அவள் சென்னையில் மானுடவியல் பி.ஏ. சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான். பதிலுக்கு அவள் ஒரு கேள்வி கேட்பாள். அதற்கு உண்மையைச் சொன்னால் இறங்கிவிடலாம். தபால்காரர் அப்படித்தான் இறங்கினார், மளிகைக்கடை பிச்சை முகம்மதுவும் இறங்கினார். அதற்காக ஊர் கேட்பதை நிறுத்தியதா என்றால் இல்லை. மனிதர்களைப் பற்றிப் படிக்கக் கல்லூரி எதற்கு, ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தால் தெரியாதா என்று அந்தரத்தில் தொங்கிக்கொண்டே வாதம் வேறு செய்தார்கள். லீவுக்கு வரும்போதெல்லாம் இதே ரோதனை. மூன்று வருடத்தில் அவளுக்குச் சலித்துப்போனது.

எம்.ஏ.வுக்கு இடம் கிடைத்தபோது சேத்தூரிலிருந்து தாய்மாமன் ஆவுடையப்பன் வந்தார். தகப்பன் இல்லாத அந்த வீட்டில் அவர் சரி என்று சொல்லாமல் எதுவும் நடந்ததில்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருந்தார். விஷயம் தெரிந்தவர் ஆகையால் இரும்புக் கட்டிலில் உட்கார்ந்து, துண்டால் தன்னை அதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டார். கட்டிலோடு ஆள் உயரம் போய் நின்றார். தலையில் இடிக்குமென்று ஃபேனைக் கழற்றிவைத்துவிட்டு, அந்த வெக்கையில் வீடே வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தது.

"மாமா, எங்கம்மாவ எதுக்குப் பத்தாவதோட நிறுத்துனீய?" என்று யோகேஸ்வரி கேட்டாள்.

காலம் அப்படி என்றார். கட்டில் அசையவில்லை. ஊர் பேசும் என்றார். இன்னும் அரையடி ஏறியது. உண்மை என்னவோ ஊருக்கே தெரியும். அந்த வருடம் தங்கை செல்வலட்சுமி முதல் தடவையிலேயே தேறினாள். அதே பரீட்சையை மூன்றாம் தடவையாக எழுதிய அண்ணன் தேறவில்லை. இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு இறங்கித் தொலைக்க மனிதருக்கு வாய் வரவில்லை.

ஒரு வாரம் செல்வலட்சுமி ஸ்டூல் போட்டு ஏறி அவருக்குச் சோறு கொடுத்தாள். கல்லூரியில் சேரக் கடைசி நாள் நெருங்கியது. யோகேஸ்வரி பையை எடுத்ததும் மேலிருந்து, "ஏட்டி, நீ போகக் கூடாது" என்று சத்தம் வந்தது.

செல்வலட்சுமி அண்ணாந்து பார்த்தாள். "அதக் கீழ எறங்கி வந்து சொல்லுண்ணே. கேக்கேன்."

அவள் மகளை ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டு வந்தாள்.

யோகேஸ்வரி இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறாள். கட்டில் இன்னும் மாமாவோடு அந்தரத்திலேயேதான் நிற்கிறது. மழை நாட்களில் செல்வலட்சுமி அதன் கால்களில் கொடி கட்டித் துணி காயப்போடுகிறாள்.