மூன்று நாள் முல்லை

ஓணத்தன்று திருவாதிரைக்களி ஆட்டத்தில் தீர்த்தா குனிந்து நிமிர்ந்து கைதட்டி ஆடியதை பக்கத்து வீட்டு வல்சலா சேச்சி கண்கொட்டாமல் பார்த்திருந்தாள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இரண்டு வருஷமாக உடம்பெல்லாம் வலியாம், ஓயாத அசதியாம்.

"ஆடும்போது வராத வலி பாத்திரம் கழுவும்போது மட்டும் எப்படி வருதோ!" என்று தோழி ரமணியிடம் சொல்லிவிட்டு, மூன்றாம் நாள் பாயசத் தூக்கோடு தீர்த்தாவின் வீட்டுக்குள் நுழைந்தாள். பாயசம் ஒரு சாக்குதான்.

தீர்த்தா சுவரோரம் சுருண்டு கிடந்தாள். ஆட்டத்துக்கு வைத்த முல்லைச் சரம் பழுப்பேறிக் கொண்டையிலேயே இருந்தது.

"என்ன மோளே, பூவைக்கூடவா எடுக்கல?"

"கை தோளுக்கு மேல எழும்பல சேச்சி. அம்மா தொட்டாலும் வலிக்குது. ஆடினா இப்படி ஆகும்னு தெரியும். ஒரு நாளாவது எல்லாரோடயும் நிக்கணும்னு தோணிச்சு. நீங்களும் நடிப்புன்னுதானே நினைக்கிறீங்க?"

சேச்சி தூக்கை ஓரமாக வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முகம் சுளித்தபோதெல்லாம் நிறுத்தி, ஒவ்வொரு கொண்டை ஊசியாக உருவினாள். பூவை எடுத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

வாசலில் ரமணி காத்திருந்தாள். "நடிப்புதானே சேச்சி?"

"இல்லடி," என்றாள் சேச்சி. "தூக்கை அங்கேயே வெச்சுட்டு வந்துட்டேன். நாளைக்கும் போகணும்."