யசோதராவுக்குப் பத்தொன்பது ஓட்டு

தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில் ஷைலா மேடம் நடத்தும் மாலைக் காப்பகத்தில் இருபத்து மூன்று பிள்ளைகள். பள்ளி விட்டதும் வந்து சேருவார்கள். ஏழரைக்குப் பெங்களூர் ரயில் வந்த பிறகு பெற்றோர் வந்து கூட்டிப் போவார்கள். விடிவதற்குள் ரயிலேறி, பெங்களூரில் தைத்து, துடைத்து, காவல் காத்து, கம்ப்யூட்டர் தட்டிவிட்டுத் திரும்புகிறவர்கள். வாசலில் 'எல்லாக் குழந்தைகளுக்கும் இங்கே இடமுண்டு' என்று பலகை. அதில் 'எல்லா' மட்டும் சிவப்புப் பெயின்ட். யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாதல்லவா.

அங்கே வேலைக்கு இருப்பவள் நான், அன்புச்செல்வி. பி.காம். பக்கத்துப் பாலகாட்டில் எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள். சேர்ந்த அன்று மேடம் என் சான்றிதழைப் புரட்டிவிட்டு, "பாத்ரூம் ஹெல்ப் தேவைப்படுற பிள்ளைய நீ பார்த்துக்கோம்மா. உனக்குத்தான் கரெக்டா வரும்" என்றாள். ஏன் எனக்கு மட்டும் கரெக்டாக வரும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீடு சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் எந்த லைன் என்று சொன்னாலே இந்த ஊரில் சாதி புரிந்துவிடும்.

ஹெல்ப் தேவைப்பட்டது ஒரே பிள்ளைக்கு. யசோதரா, பத்து வயது. பிறவியிலேயே முதுகுத்தண்டில் கோளாறு. காலில் பிளாஸ்டிக் பட்டை கட்டித்தான் நடப்பாள், அது ஊருக்கே தெரியும். தெரியாதது, அவளுக்கு மூத்திரம் தானாகப் பிரியாது என்பது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய ட்யூப் போட்டு எடுக்க வேண்டும். பகலில் பள்ளிக்கு வரும் நர்ஸ் பார்த்துக்கொள்வாள்; காப்பகத்தில் அது மாலை ஐந்து மணிக்கு. அவளையும் அவள் அம்மா தாராவையும் அந்த நர்ஸையும் விட்டால் எனக்கும் மேடத்துக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

தாரா ஊரிகத்துக்காரி. புருஷன் இல்லை. பெங்களூரில் கார்மென்ட்ஸ் தையல். வேறு எந்தக் காப்பகமும் இந்தப் பிள்ளையைச் சேர்க்கவில்லை. இதுவும் இல்லையென்றால் தாரா ரயிலேற முடியாது, அவ்வளவுதான்.

பிள்ளையைச் சேர்த்தபோது இரண்டு பக்க விவரப் படிவத்தை நிரப்பியவள் நானே. படித்தவளாச்சே, ஒன்று விடாமல் எழுதினேன்: எந்த நேரம், எந்த ட்யூப், எப்படிக் கை கழுவ வேண்டும். கடைசி வரியை யசோதராவே பக்கத்தில் நின்று சொன்னாள். "வேற யாருக்கும் தெரியக் கூடாதுன்னு எழுதுங்க." எழுதினேன்.

சரத் என்று ஒருவர். பெங்களூரில் ஏதோ ஆபீஸில் சூப்பர்வைசர். அவருடைய மகள் வீட்டில் போய், "யசோதரா தினமும் பாத்ரூம்ல கால் மணி நேரம் இன்னா பண்றா?" என்று கேட்டிருக்கிறாள். ஒண்ணுக்குப் போகிறாள் என்று சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் வரவில்லை. பெற்றோர் வாட்ஸாப் குரூப்பில் எழுதினார்: 'ஏதாவது தொற்று நோயா? தெரிந்துகொள்ள எங்களுக்கு உரிமை உண்டு.'

மேடம் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். யோசிப்பதை அவள் நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் ஐந்தே முக்காலுக்கு அந்தப் படிவத்தின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டாள். என் கையெழுத்து முத்து முத்தாகத் தெரிந்தது. வேற யாருக்கும் தெரியக் கூடாது என்ற கடைசி வரியும் சேர்ந்தே தெரிந்தது. கீழே ஓர் ஓட்டெடுப்பு: 'இந்தச் சிறப்புக் குழந்தை நம் பிள்ளைகளோடு தொடரலாமா? ஆமாம் / வேண்டாம்.'

அந்த நேரத்தில் பெற்றோர் எல்லாரும் ரயிலில் இருப்பார்கள், அதுவும் ஒரே பெட்டியில். எங்கள் ஊர் ரயில்காரர்களுக்கு அது வழக்கம்: ஐந்தாவது பெட்டி, அவரவர் சீட்டு, யார் போனில் எது வந்தாலும் பெட்டிக்கே படித்துக் காட்டுவது. சரத் நின்றுகொண்டு படித்தாராம். ட்யூப், அளவு, நேரம், எல்லாம். மூன்றாவது வரிசையில் தாரா உட்கார்ந்திருந்தாள்.

"எதிர் சீட்டுக்காரி என் தொடைமேல கை வச்சிகினு, 'தாரா, நான் ஆமாம் போட்டுட்டேன், பயப்படாதே'ன்னா" என்று தாரா பிற்பாடு என்னிடம் சொன்னாள். "ஒவ்வொருத்தரா வந்து சொல்றாங்க, அன்பு. கல்யாணத்துல மொய் எழுதறாப்பல. நான் தேங்க்ஸ் சொல்லிகினே வந்தேன்."

ஆமாம் பத்தொன்பது, வேண்டாம் மூன்று.

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "பார்த்தியா? நம்ம ஊரு ஜனங்க மனசு."

"மேடம், அந்தப் போட்டோவ எடுத்துடுங்க."

"இப்ப எடுத்தா மறைக்கிற மாதிரி இருக்கும்மா. ஜெயிச்சிட்டோம்ல?"

"யார் ஜெயிச்சாங்க? பிள்ளை வேணாம்னு சொன்ன ஒண்ணே ஒண்ண ஊருக்கே காட்டிட்டீங்க."

"டிகிரி படிச்சா மட்டும் போதாது, அன்பு. பாசிடிவ்வா பார்க்கணும்."

ஏழரை ரயில் வந்ததும் ஐந்தாவது பெட்டி மொத்தமும் காப்பகத்துக்குள் நுழைந்தது. யசோதரா கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். ஓர் அம்மா அவள் கன்னத்தைக் கிள்ளினாள். "ட்யூப்லாம் ஒரு விஷயமா கண்ணு? தைரியமா இரு." இன்னொருத்தி தலையைத் தடவினாள். சரத் சாக்லேட் கொடுத்தார். அவர் போட்ட ஓட்டு 'வேண்டாம்'. யார் எதற்குப் போட்டார்கள் என்று குரூப்பில் தொட்டாலே தெரியும், அதுகூடத் தெரியாமல் சாக்லேட்டோடு வந்திருந்தார்.

யசோதரா யாரையும் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தாள். அந்தப் படிவத்தில் இருப்பது என் கையெழுத்து என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தாரா லீவு போட்டாள். மூன்றாவது நாள் கார்மென்ட்ஸில் இருந்து, திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று போன். இங்கே குரூப்பில் ஒரே மனவருத்தம். 'இவ்வளவு சப்போர்ட் பண்ணியும் பிள்ளையை அனுப்பவில்லையே.' 'நல்லதுக்குக் காலமில்லை.' கும்பிடும் கைகள் எட்டு.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நானும் ஓர் ஓட்டெடுப்பு போட்டேன். 'மற்ற இருபத்திரண்டு பிள்ளைகளின் படிவங்களையும் நாளை இதே போல் குரூப்பில் போடலாமா? ஆமாம் / வேண்டாம்.' படிவங்கள் எல்லாம் நான் எழுதியவைதான். எது படுக்கையை நனைக்கிறது, எதனுடைய அப்பன் குடிக்கிறான், எது தூக்கத்தில் அழுகிறது, எனக்குத் தெரியும். நிச்சயமாகப் போட்டிருக்க மாட்டேன். அது அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

பத்து நிமிஷத்தில் இருபத்தாறு வேண்டாம். வீட்டுக்கு இரண்டு போன் இருந்தால் இரண்டிலும் குத்தினார்கள். அப்புறம் சரத்தின் போன்.

"இன்னாம்மா இது? எங்க பிள்ளைங்களத எதுக்கு ஊருக்குக் காட்டணும்?"

"யசோதராவோடத காட்டுனாங்களே சார்."

"அது வேற. எங்க பிள்ளைங்களுக்கு இன்னா கொறை?"

இவருக்குக் கீழே பதினான்கு பேர் வேலை செய்கிறார்களாம்.

மேடம் என்னைக் குரூப்பிலிருந்து தூக்கினாள். வேலையிலிருந்து தூக்கவில்லை. கக்கூஸ் வரைக்கும் வர இன்னொரு பட்டதாரி கிடைக்க மாட்டாள். ஆனால் அன்று இரவே படிவப் போட்டோவை அழித்தாள். எல்லாரும் படித்து முடித்த பிறகு.

ஞாயிற்றுக்கிழமை ஊரிகம் போனேன். தாரா கதவைத் திறந்து, "நான் சொல்லிப் பாத்துட்டேன், நீயே கேளு" என்றாள். யசோதரா கட்டிலில் உட்கார்ந்து காலின் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் எழுதுனது தப்பு. அத மேடம் கையில குடுத்ததும் தப்பு" என்றேன்.

"நீங்க எழுதுனத அழிக்க முடியுமா?"

"முடியாது."

"அப்ப இன்னாத்துக்கு வந்தீங்க?"

தாரா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவளுடைய ரயில் பாஸ் அலமாரியில் கண்ணில் படும்படி இருந்தது. யசோதரா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வரேன்" என்றாள். "ட்யூப் நானே போட்டுக்கறேன். எனக்குத் தெரியும். நீங்க உள்ள வரக் கூடாது. கதவுக்கு உள்தாழ்ப்பா வேணும்."

காப்பகத்துக் கழிவறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. பாதுகாப்பு என்று மேடம் எடுத்துவிட்டிருந்தாள். திங்கட்கிழமை மதியம் ஹார்ட்வேர் கடையில் ஒன்று வாங்கி, நானே திருப்புளியால் முடுக்கினேன்.

"பிள்ளை உள்ள மாட்டிகிட்டா யாரு ரெஸ்பான்ஸிபிள்?" என்று மேடம் வந்து நின்றாள்.

"ஓட்டு வச்சிப் பாருங்க மேடம்" என்றேன். போய்விட்டாள்.

ஐந்து மணிக்கு யசோதரா பையோடு எழுந்தாள். இருபத்திரண்டு தலையும் நிமிர்ந்தது. அவள் உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நான் கதவை மறைத்துக் கை கட்டி நின்றேன்.

"மிஸ், அவ உள்ள ட்யூப்..." என்று சரத்தின் மகள் ஆரம்பித்தாள்.

"ஒண்ணுக்குப் போறா. நீ போறதே இல்லையா? உன் கணக்கப் பாருடி."

பதினேழு நிமிஷம். வியர்த்துப்போய் வெளியே வந்தாள். கை கழுவினாள். என் பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"நாளைக்கு இங்க நிக்காதீங்க. நீங்க நிக்கறதாலதான் எல்லாரும் பாக்கறாங்க."

நகர்ந்து போய் மற்ற பிள்ளைகளின் கணக்கைத் திருத்தினேன்.